வண்ணத்தின் பெயரைச் சொல்லாத பாட்டு

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே சனி, ஞாயிறு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். 6 முதல் 9 வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள். சூட்டு நிறம், குளிர் நிறம் என்று அட்டை காட்டிச் சொன்னால் அழகாக ஒப்பிக்கிறார்கள். ஆனால் படம் வரையும்போது அது கைக்கு வருவதில்லை. பாட்டும் படமுமாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

முடியும். எனக்குத் தெரிந்தவரை அதைவிட நல்ல வழி இந்த வயதுக்கு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. பாட்டில் எந்த வண்ணத்தின் பெயரும் வரக் கூடாது.

சிவப்பும் மஞ்சளும் சூடு, நீலமும் பச்சையும் குளிர் என்று எதுகை மோனையோடு நான்கு வரி எழுதிவிடுவது சுலபம். குழந்தைகள் கைதட்டிப் பாடவும் செய்வார்கள். ஆனால் அது உங்கள் அட்டைக்கு மெட்டுப் போட்டது போலத்தான். பதிலைப் பாட்டே சொல்லிவிட்டால் குழந்தை யோசிக்க எதுவும் மிஞ்சாது. பாட்டு வெயிலைச் சொல்லட்டும், ஈரத்தைச் சொல்லட்டும், எந்த நேரம், எந்த இடம் என்று சொல்லட்டும். எந்த வண்ணம் என்பதைக் குழந்தை தேடி எடுக்கட்டும். அந்தத் தேடலில்தான் பாடம் நடக்கிறது.

இதில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய கொடுப்பினை இருக்கிறது. நிலம், பொழுது, பருவம், பூ எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிப் பாட்டெழுதிய மரபு நம்முடையது. குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் யாமமும். பாலைக்கு வேனிலும் நண்பகலும். முல்லைக்குக் காரும் மாலையும். குறிஞ்சி என்றதும் கண்ணுக்குள் ஒரு நிறம் வருகிறது, பாலை என்றதும் வேறொன்று வருகிறது. வகுப்பில் திணை இலக்கணம் சொல்லத் தேவையில்லை. ஆனால் நீங்கள் எழுதப்போகும் சின்னப் பாட்டுக்கு அதுதான் அடித்தளம்: பொழுதைச் சொன்னால் நிறம் தானாக வரும்.

நான் வகுப்பில் பயன்படுத்தும் இரண்டு பாட்டுகளைத் தருகிறேன். இரண்டுக்கும் ஒரே காட்சிதான், நம் ஊர்ப் பழைய வீட்டின் வளவு, அதாவது தூண்கள் சூழ்ந்த நடு முற்றம். முதலாவது:

உச்சி வெயில் முற்றத்திலே
உட்கார்ந்து காயுது
வச்ச வத்தல் பாயிலெல்லாம்
வாசம் ஏறி வேகுது
குச்சிக் காலைத் தூக்கித் தூக்கிக்
காகம் தத்திப் போகுது

இரண்டாவது:

விட்ட மழை முற்றத்திலே
விடியும் வரை தேங்குது
சொட்டுச் சொட்டாய் ஓட்டுத் தண்ணீர்
சொல்லிச் சொல்லித் தூங்குது
எட்டிப் பார்த்த நிலா முகம்
ஈரம் பட்டு நடுங்குது

நீங்களே ஒரு கோட்டோவியம் போடுங்கள். நான்கு தூண், ஓட்டு விளிம்பு, நடுவில் திறந்த முற்றம், ஓரத்தில் ஒரு பாய், பின்னால் ஒரு சுவர். அவ்வளவு போதும். அதையே ஆளுக்கு இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாரம் முதல் பாட்டு. இரண்டு மூன்று முறை கைதட்டிப் பாடிவிட்டு வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரம் இரண்டாவது பாட்டும் இரண்டாவது ஜெராக்ஸும். இரண்டையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். ஒன்றுக்கு எதிர்ப்பதமாக மற்றதைப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். ஒரு வார இடைவெளி விட்டால் இரண்டாவது பாட்டை அதன் சொற்களுக்காகவே காது கொடுத்துக் கேட்பார்கள்.

அப்புறம் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிவிட்டுக் கேளுங்கள்: "எதுல வெறுங்காலோட நடக்க யோசிப்ப?" குழந்தை சட்டென்று ஒன்றைக் காட்டும். அப்போதுதான் சூட்டு வண்ணம், குளிர் வண்ணம் என்ற பெயரைச் சொல்ல வேண்டும். அனுபவம் முதலில், பெயர் பிறகு.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம் தூண். பெரும்பாலான பிள்ளைகள் முதல் தடவை என்ன செய்வார்கள் தெரியுமா? வெயில் படத்தில் தரையை ஆரஞ்சாக்குவார்கள், மழைப் படத்தில் தரையை நீலமாக்குவார்கள். ஆனால் தூண் இரண்டிலும் ஒரே பழுப்பாகவே இருக்கும். மரம் என்றால் பழுப்பு, இலை என்றால் பச்சை, காகம் என்றால் கறுப்பு என்று பொருளுக்குப் பொருள் ஒரு நிறத்தை மனசில் பூட்டி வைத்திருக்கிறார்கள். சூடு, குளிர் என்பது தனித்தனிப் பொருளின் குணம் அல்ல, அந்த நேரத்து ஒளி எல்லாப் பொருளின் மேலும் போர்த்துகிற ஒன்று என்பதுதான் சொல்லித்தர வேண்டிய உண்மையான விஷயம். அட்டையால் இதைச் சொல்லவே முடியாது. "மழை ராத்திரில அந்தத் தூணு எப்படி இருக்கும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள்.

இதைக் கண்ணால் காட்டச் செட்டிநாட்டு வீட்டை விடச் சிறந்த இடம் கிடையாது. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த அந்த வெள்ளைச் சுவர் இருக்கிறதே, அது ஒரு நாள் முழுக்க ஒரே வெள்ளையாக இருப்பதில்லை. காலையில் நிழலில் இருக்கும்போது வானத்து ஒளி மட்டும் படுவதால் லேசாக நீலம் ஓடியிருக்கும். உச்சி வெயில் சிவந்த தரையில் விழுந்து எகிறும்போது அதே சுவரின் அடிப்பக்கம் இளஞ்சிவப்பாக மாறும். ஒரு வெள்ளைக் காகிதத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்திவிட்டு, இன்னொன்றை வெயிலில் பிடித்து ஒப்பிடச் சொன்னால் 7 வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். இப்படிப்பட்ட வீடு தெரிந்தவர்களிடம் இருந்தால் ஒரு நாள் அனுமதி கேட்டு எல்லோரையும் அழைத்துப் போங்கள். கானாடுகாத்தான் பக்கம் பார்வையாளர்களை அனுமதிக்கும் வீடுகளும் இருக்கின்றன.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். நம் பகுதியே ஒரு சூட்டு வண்ணப் பெட்டி. செம்மண், செம்பராங்கல், பர்மாத் தேக்குக் கதவு, காய வைத்த மிளகாய், கண்டாங்கிச் சேலையின் கடுகு மஞ்சளும் அரக்கும், அய்யனார் கோயில் வாசலில் சுடுமண் குதிரை. இங்கே வளரும் பிள்ளைகளுக்குச் சூட்டு வண்ணத்தைத் தேடித் தர வேண்டியதே இல்லை. குளிர் வண்ணத்தைத்தான் வேட்டையாட அனுப்ப வேண்டும். ஊருணித் தண்ணீர், அதன் படிக்கட்டில் பாசி, நிலைக்கு மேலே பதித்த வண்ணக் கண்ணாடி, நீலம் கலந்து வெள்ளையடித்த பழைய சுவர், வேப்ப மரத்து நிழல். சிங்கம்புணரிப் பக்கம் போனால் தூரத்தில் பிரான்மலை. கிட்டே போனால் பாறையும் மரமுமாகத் தெரிகிற மலை, தூரத்திலிருந்து நீலமாகத் தெரிகிறது. இடையில் இருக்கும் காற்று, நீல ஒளியைச் சிதறடித்து நம் கண்ணுக்கு அனுப்புவதால் அப்படி. குளிர் வண்ணம் பின்னால் தள்ளிப்போவது போலவும் சூட்டு வண்ணம் முன்னால் வருவது போலவும் ஓவியர்கள் பயன்படுத்துவதற்கு இந்த மலை ஒரு நல்ல சான்று. "மலைக்கு முன்னாடி ஒரு சுடுமண் குதிரை" என்று சொல்லி வரையவிட்டால், குதிரை காகிதத்திலிருந்து இறங்கி வருவதைப் பிள்ளைகளே பார்த்துச் சிரிப்பார்கள்.

ஆத்தங்குடிக்கும் ஒரு முறை போய் வாருங்கள். தரைக்கல் செய்யும் பட்டறையில் கண்ணாடிப் பலகையின் மேல் அச்சை வைத்து, சிமெண்டில் கலந்த வண்ணக் குழம்பை ஒவ்வொரு கட்டத்திலும் கரண்டியால் ஊற்றுவார்கள். சூளையில் சுடுவதில்லை. மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துத்தான் இறுகவைப்பார்கள். உங்கள் பாடத்துக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், வண்ணங்கள் குழையாமல், கோடு தாண்டாமல் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். சிவப்புக்கு நடுவில் வைத்த பச்சையும், நீலத்துக்கு நடுவில் வைத்த அதே பச்சையும் ஒன்று போலத் தெரியாது.

பிரான்சில் கோப்லென் திரைச்சீலை ஆலையில் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்த ஷெவ்ரல் என்ற வேதியியல் அறிஞர், 1839-ல் இதைத்தான் விரிவாக எழுதினார். கறுப்பு நூல் சரியாகச் சாயம் ஏறவில்லை என்று அவருக்குப் புகார் வந்தது. சாயத்தில் குறை இல்லை, பக்கத்தில் வைத்து நெய்த நிறம்தான் கறுப்பை மங்கவைக்கிறது என்று கண்டுபிடித்தார். கண்டாங்கி நெய்பவர்களுக்குக் கைப்பழக்கத்திலேயே தெரிந்த விஷயம் இது. வகுப்பில் செய்ய வண்ணக் காகிதமும் கத்தரியும் போதும். ஒரே பச்சைக் காகிதத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றைச் சிவப்பு அட்டையிலும் மற்றதை நீல அட்டையிலும் ஒட்டிவிட்டு, ஒரே காகிதம்தானா என்று கேளுங்கள். நம்ப மாட்டார்கள். உரித்து எடுத்துச் சேர்த்து வைத்துக் காட்ட வேண்டியிருக்கும்.

பச்சையும் ஊதாவும்தான் இந்தப் பாடத்தின் சுவையான பகுதி. இரண்டும் எல்லையில் நிற்பவை. புளியங்கொழுந்தின் பச்சையில் மஞ்சள் கூடுதல், அது வெயில் பக்கம் சாய்கிறது. ஊருணிப் பாசியின் பச்சை நீலத்தின் பக்கம் சாய்கிறது. "பச்சை சூடா குளிரா?" என்று யாராவது கேட்டால் "எதுக்குப் பக்கத்துல?" என்று திருப்பிக் கேட்கப் பழக்குங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டால் பாதி ஓவியம் வந்துவிட்டது.

எல்லை தாண்டுவதைக் கண்ணெதிரே காட்ட வேண்டுமா? சங்குப்பூவை வெந்நீரில் போடுங்கள். அழகான நீலம் இறங்கும். ஒரு தம்ளரில் கொஞ்சம் எடுத்து, எலுமிச்சைச் சாறு சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் ஊதாவாகி, இன்னும் விட்டால் சிவந்த ஊதாவாகும். பூவில் இருக்கும் நிறமி புளிப்புக்கு ஏற்ப மாறுவதால் இப்படி. ஒவ்வொரு சொட்டுக்கும் நிறுத்தி, தூரிகையால் காகிதத்தில் ஒரு கோடு இழுத்துக்கொண்டே வந்தால், குளிரிலிருந்து சூட்டை நோக்கி நடக்கும் ஓர் ஏணி கிடைக்கும். எந்தக் கோட்டில் குளிர் முடிந்து சூடு தொடங்குகிறது என்று கேட்டுப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு கோட்டைக் காட்டும், வாதாடும். வாதாட விடுங்கள். அந்த ஏணிக்குப் பக்கத்திலேயே ஆளுக்கு ஒரு வரி எழுதச் சொன்னால் வகுப்பே சேர்ந்து எழுதிய பாட்டு ஆகிவிடும். மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்த்து ஆரத்தி கரைப்பதையும் கூடவே செய்யலாம். மஞ்சள் சிவப்பாகும், ஆனால் சூட்டுக்குள்ளேயேதான் நகரும், எல்லை தாண்டாது. சுண்ணாம்பை மட்டும் பிள்ளைகள் கையில் கொடுக்காமல் நீங்களே கரையுங்கள்.

இனி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய ஒரு குழப்பத்தைச் சொல்ல வேண்டும். சூடு, குளிர்ச்சி என்ற சொற்கள் அவர்களுக்குப் புதிது அல்ல. அப்பத்தா தினமும் சொல்வதுதான்: மாம்பழம் சூடு, அதிகம் தின்னாதே, நுங்கு குளிர்ச்சி, சாப்பிடு. இதைக் கேட்டு வளர்ந்த பிள்ளை, வண்ணத்தையும் அந்தக் கணக்கிலேயே போடும். கத்தரிக்காய் சூடு, ஆகவே ஊதா சூட்டு வண்ணம். எலுமிச்சை குளிர்ச்சி, ஆகவே மஞ்சள் குளிர் வண்ணம். பிள்ளையைத் திருத்த வேண்டாம், அதன் தர்க்கம் சரியாகத்தான் இருக்கிறது. உடம்புக்கு ஒரு சூடு, கண்ணுக்கு ஒரு சூடு என்று இரண்டு இருப்பதை ஒரு விடுகதையால் பிரித்துக் காட்டலாம்.

வெட்டிப் பார்த்தால் அடுப்புத் தணல்
விழுங்கிப் பார்த்தால் கிணற்றுத் தண்ணீர்
தட்டிப் பார்த்துக் கடைக்காரர்
தந்த பழம் என்ன பழம்?

தர்பூசணி என்று கத்துவார்கள். வரையச் சொல்லும்போது பழத்துண்டின் உள்ளே ஓர் அடுப்பையும், அதைத் தின்னும் பிள்ளையின் வயிற்றுக்குள் ஒரு கிணற்றையும் வரையச் சொல்லுங்கள். ஒரே பக்கத்தில் இரண்டு வண்ணக் குடும்பமும் வந்து உட்கார்ந்துவிடும், அப்பத்தாவின் சூடும் ஓவியரின் சூடும் வேறு என்பதும் விளங்கிவிடும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும், தயாராக இருங்கள். "கேஸ் அடுப்புத் தீ நீலமாத்தானே இருக்கு, அது குளிரா?" மிக நல்ல கேள்வி, தட்டிக் கழிக்காதீர்கள். விறகுத் தீயில் முழுசாக எரியாத கரித்துகள் சூடேறி ஒளிர்வதால் மஞ்சள் தெரிகிறது. கேஸ் அடுப்பில் வாயு காற்றோடு நன்றாகக் கலந்து முழுசாக எரிவதால் நீலம். வானத்தில் காரணம் வேறு, ஆனால் அங்கேயும் நீலம் குளிர் அல்ல. திருவாதிரை நட்சத்திரம் சிவந்து தெரியும், அதன் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,500 கெல்வின் (வெப்பநிலையை அளக்கும் ஓர் அலகு). சித்திரை நட்சத்திரம் நீலம் கலந்த வெண்மை, அது 20,000 கெல்வினுக்கும் மேல். ஆக, நட்சத்திரங்களில் நீலம்தான் அதிகச் சூடு. ஓவியத்தில் சொல்லும் சூடும் குளிரும் வெப்பமானியில் அளக்கிற விஷயம் அல்ல. வெயில், தணல், தண்ணீர், நிழல் என்று நாம் வாழ்ந்து பழகிய நினைவிலிருந்து வருவது. இதைப் பிள்ளைகளிடம் இப்படியே சொல்லலாம், புரிந்துகொள்வார்கள். இரண்டையும் போட்டுக் குழப்பாமல், இரண்டும் உண்மை என்று சொல்வதுதான் நேர்மை.

இதோடு தொடர்புடைய ஒரு நடைமுறை விஷயம்: வகுப்பை முடிந்தவரை பகல் ஒளியில் நடத்துங்கள். கடையில் எல்இடி பல்பு அட்டையில் வார்ம் ஒயிட் என்று போட்டிருப்பது 2,700 முதல் 3,000 கெல்வின் வரை, கூல் டேலைட் என்பது 6,500 கெல்வின். இது பல்பின் சூடு அல்ல, ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண். முதல் வகை பல்பின் கீழே நீலம் செத்துப்போகும். பிள்ளை சரியாகத் தீட்டியதை நீங்கள் தவறு என்று சொல்லிவிடக் கூடும்.

வண்ணங்களைப் பற்றி. 12 குச்சி கிரேயான் பெட்டியில் சிவப்பு ஒன்று, நீலம் ஒன்றுதான் முக்கியமாக இருக்கும். அதை வைத்து இந்தப் பாடத்தைத் தொடங்கலாம், ஆனால் தொடர முடியாது. போஸ்டர் கலரில் ஒவ்வொன்றிலும் இரண்டு வாங்குங்கள்: சிவப்பில் வெர்மிலியன், கிரிம்சன், மஞ்சளில் குரோம் எல்லோ, லெமன் எல்லோ, நீலத்தில் அல்ட்ராமரீன், பிரஷ்யன் ப்ளூ. கூட ஒரு வெள்ளை. கறுப்பு வேண்டாம், கறுப்பு இருந்தால் நிழலெல்லாம் கறுப்பாகிவிடும். சிவப்புக்குள்ளேயே வெர்மிலியன் சூடு, கிரிம்சன் அதைவிடக் குளிர் என்று பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்கு இது ஒப்பீடு என்பது உறைக்கும். கிரிம்சனும் அல்ட்ராமரீனும் கலந்தால் சுத்தமான ஊதா. வெர்மிலியனும் பிரஷ்யன் ப்ளூவும் கலந்தால் சேற்று நிறம். இரண்டையும் கலக்க விடுங்கள். சேற்று நிறமும் நம் ஊருக்குத் தேவைதான், கண்மாய்க்கரை வரைய.

பாட்டைப் பிள்ளைகளே தங்கள் கையெழுத்தில் படத்துக்குள் எழுதட்டும். கீழே தனியாகக் கட்டம் கட்டி அச்செழுத்தில் ஒட்டாதீர்கள். மழைப் படத்தின் நீலத்தில் மஞ்சளால் எழுதிய எழுத்து துள்ளி வெளியே வரும், ஊதாவால் எழுதியது தண்ணீருக்குள் முங்கிக் கிடக்கும். எந்தச் சொல் துள்ள வேண்டும், எது முங்க வேண்டும் என்று பிள்ளை முடிவு செய்யட்டும். ஒரு பெண் "நடுங்குது" என்ற சொல்லை மட்டும் ஓரெழுத்து விட்டு ஓரெழுத்து வேறு நீலத்தில் எழுதியிருந்தாள். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. பாட்டையும் வண்ணத்தையும் சேர்த்து வைப்பதால் கிடைக்கும் பலன் இதுதான், சொல்லையும் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சிவப்பு கோபம், நீலம் சோகம் என்று முகப்படம் போட்ட அட்டைகள் கடையில் கிடைக்கின்றன. அவை நம் பிள்ளைகளுக்கு ஒட்டாது. கண்ணனை நீலமாகப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு நீலம் சோகம் அல்ல, குறும்பு. குங்குமமும் கல்யாணக் கூறைப் புடவையும் பார்த்த பிள்ளைக்குச் சிவப்பு கோபம் அல்ல, விசேஷம். உணர்வைப் பாட்டு சொல்லட்டும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஒவ்வொன்றாக இருக்கட்டும்.

வயதைப் பொறுத்தவரை, 6 வயதுக்காரர்களிடம் வளவுப் பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பச்சையின் எல்லைச் சண்டை, இரண்டு சிவப்பு எல்லாம் 8 வயதுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று, இது முக்கியம். வகுப்பில் எந்தப் பிள்ளையாவது தொடர்ந்து இலையைப் பழுப்பாகவும் மண்ணைப் பச்சையாகவும் தீட்டினால் கவனக்குறைவு என்று அதட்டிவிடாதீர்கள். சிவப்பு, பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாத பார்வை சிலருக்குப் பிறவியிலேயே உண்டு. எக்ஸ் குரோமோசோம் வழி வருவதால் பெண் பிள்ளைகளை விட ஆண் பிள்ளைகளிடம் அதிகம். வீட்டில் தனியாகச் சொல்லி, கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டச் சொல்லுங்கள். அதுவரை எல்லா வண்ணப் புட்டியின் மேலும் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், எல்லோருக்கும் பொதுவாக. அப்படிப்பட்ட பிள்ளைகள் பெரும்பாலும் நீலத்தையும் மஞ்சளையும் நன்றாகவே பிரித்தறிவார்கள். வெயில் பாட்டுக்குக் குரோம் மஞ்சளையும் மழைப் பாட்டுக்கு அல்ட்ராமரீனையும் முதன்மையாக எடுத்துக் கொடுத்தால், அவர்களாலும் இந்த இரண்டு படத்தையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தீட்ட முடியும்.